குளிர் அறையும் அதனை நடத்துவோரும்

காய்கறி, பழம், பால் முதலிய விரைவில் கெடும் பொருள்களை விளைவிக்கும் குடியானவர்களிடையே குளிர் அறைகளின்மேல் விருப்பம் ஆண்டுதோறும் மிகுந்து வருகின்றது. ஒட்டன்சத்திரம், மேட்டுப்பாளையம் போன்ற பெரிய சந்தைகளுக்குச் சரக்கைக் கொண்டுசென்று, அன்றைய விலைக்குக் கட்டுப்பட்டு விற்றுத் திரும்பும் சிறு குடியானவன், அதை நாலு நாள் நிறுத்தி வைக்க ஓர் இடம் இருந்தால் நஷ்டம் குறையுமே என்று எண்ணுவது இயற்கையே. சர்க்கார் மானியத்தைக் கொண்டும் உற்பத்தியாளர் சங்கங்களின் முதலைக் கொண்டும் இத்தகைய அறைகள் பல ஜில்லாக்களில் எழும்பியிருக்கின்றன. இது மகிழத்தக்க விஷயம். ஆயினும் அறையை எழுப்புவதில் காணப்படும் ஊக்கம், அதை நடத்தத் தெரிந்த ஒருவரைத் தயார் செய்வதில் காணப்படவில்லை. சுவருக்கும் கதவுக்கும் யந்திரத்துக்கும் மதிப்பீடு போடப்படுகிறது. யந்திரத்தின் அருகே நிற்கப்போகும் மனிதனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் போடப்படுவதில்லை. காவலுக்கு வைத்த ஆளே சுவிட்சையும் போடுகிறான், கதவையும் திறக்கிறான், சரக்கு கெட்டுப்போனால் வசவையும் அவனே வாங்கிக்கொள்கிறான்.

குளிர்சாதனத் தொழில் பட்டணத்து வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் உரியது என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் நீங்கவில்லை. அது தவறான எண்ணம். உழவுக்கு ஏர் பூட்டத் தெரிவது எவ்வளவு அவசியமோ, அறுவடையைக் காப்பதற்கு உஷ்ணத்தின் கணக்குத் தெரிவது அவ்வளவு அவசியமாகிவிட்டது. அக்கணக்கோ கடினமானதன்று. பத்தாம் வகுப்பு வரை படித்த எவரும் அதனை அறிந்துகொள்ளலாம்.

முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது யாதெனில், குளிர் என்று ஒரு பொருள் இல்லை என்பதே. எந்த யந்திரமும் குளிரை உண்டாக்கி அறைக்குள் ஊற்றுவதில்லை. உள்ளே இருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவே. இதனை அறியாதவர் அறைக்குள் என்ன வைத்தாலும் யந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார். அறிந்தவரோ உள்ளே எவ்வளவு உஷ்ணம் போகிறது என்பதையே முதலிற் கேட்பார்.

பனிக்கட்டியும் இவ்வாறே வேலை செய்கிறது. ஒரு கிலோ நீரின் சூட்டை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்த ஒரு கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். ஆனால் ஒரு கிலோ பனிக்கட்டி, சூடு சிறிதும் ஏறாமலே, வெறுமனே உருகி நீராவதற்கு 80 கிலோ கலோரியை விழுங்குகிறது. இவ்வளவு உஷ்ணத்தைத் தனக்குள் மறைத்துக்கொள்வதாலேயே அதற்கு அக்காலத்தில் கடல் கடந்த வியாபாரம் நடந்தது. அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் நாட்டுக் குளங்களில் மாரிக்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, பாஸ்டன் நகர வியாபாரி பிரெடெரிக் டியூடர் என்பவர் 1833ஆம் வருஷத்தில் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842ஆம் வருஷத்தில் அவருடைய கம்பெனி கட்டிய பண்டகசாலையே ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்றது; இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. இந்நாட்டிலேயே யந்திரத்தினால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் அவ்வியாபாரம் நொடித்தது. ஆனால் பனிக்கட்டியின் கணக்கு மட்டும் தொழிலைவிட்டுப் போகவில்லை. யந்திரத்தின் வலிமையை இன்றும் டன் கணக்கில் கூறுகின்றனர் அல்லவா? அமெரிக்க டன்னான 2,000 ராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ, அவ்வளவை அதே நேரத்தில் வெளியேற்றவல்லது ஒரு டன் யந்திரம். மணிக்கு ஏறத்தாழ 3,024 கிலோ கலோரி ஆகின்றது.

இந்த டன் என்ற சொல்லால் விளையும் குழப்பம் கொஞ்சமன்று. 10 டன் சரக்குக் கொள்ளும் அறை வேறு. 10 டன் யந்திரம் வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குறைந்த விலைக்குப் பேரம் பேசி ஏமாறுவோர் உண்டு. விற்போரிலும் எல்லோரும் இதனை விளக்கிச் சொல்வதில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் 10 டன் மாங்காயை அறைக்குள் வைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். நடுப்பகலிற் பறித்து வெயிலில் குவித்த காயின் சூடு 35 டிகிரி. அதனை 13 டிகிரிக்கு இறக்க வேண்டும். காய்கனிகள் பெரும்பாலும் நீரே ஆதலின், கிலோவுக்கு டிகிரி ஒன்றுக்கு 0.9 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். 10,000 கிலோவை 22 டிகிரி இறக்க 1,98,000 கிலோ கலோரியை எடுத்தாக வேண்டும். ஒரு டன் யந்திரம் ஒன்று இடைவிடாது ஓடினாலும் இதற்கு 65 மணிக்கு மேல் ஆகும். ஒரே நாளில் முடிக்க வேண்டுமாயின் இந்த ஒரு வேலைக்கே 2.7 டன் வலிமை வேண்டும். சுவர் வழியாக வரும் உஷ்ணம், கதவு திறக்கும்போது புகும் காற்று, விளக்கு, விசிறி, உள்ளே நிற்கும் ஆட்கள், காய்களின் மூச்சு ஆகியவை இதன்மேற் சேரும்.

அதே தோப்புக்காரர் விடியற்காலையிற் பறித்து, உடனே நிழலில் வைத்து, 25 டிகிரியில் அறைக்குக் கொண்டுவருவாராயின், எடுக்க வேண்டியது 1,08,000 கிலோ கலோரிதான். மீதமான 90,000 கிலோ கலோரியைப் பனிக்கட்டியாகச் சொன்னால் 1,125 கிலோ. மின்சாரமாகச் சொன்னால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு உஷ்ணத்தை எடுக்கும் நல்ல யந்திரத்தில், ஏறத்தாழ 35 யூனிட். பறிக்கும் நேரத்தை மாற்றுவதற்கு எந்த மானியமும் வேண்டியதில்லை. இக்கணக்கைத் தெரிந்தவர் ஒருவர் அறையின் வாசலில் இருந்தால், காலையில் வரும் சரக்குக்கு ஒரு வாடகையும் உச்சி வெயிலில் வரும் சரக்குக்கு வேறு வாடகையும் வைப்பார். அது நியாயமும் ஆகும்.

யந்திரம் உஷ்ணத்தை வெளியேற்றும் விதத்தைக் கவலை ஏற்றத்தைக் கண்டவர்க்கு எளிதில் விளக்கலாம். நீர் தானாகவே பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறாது. மாடு பூட்டி இறைக்க வேண்டும். உஷ்ணமும் தானாகவே குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது. அதையும் இறைக்க வேண்டும். இங்கே சாலாக இருந்து உஷ்ணத்தைச் சுமப்பது, மிகக் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும் ஒரு திரவம். அம்மோனியா சாதாரணக் காற்றழுத்தத்தில் சைபருக்குக் கீழே 33 டிகிரியிற் கொதிக்கும். 134ஏ என்னும் காஸ் சைபருக்குக் கீழே 26 டிகிரியில். அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் இத்திரவம் கொதித்து ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய உஷ்ணத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இதே நியாயந்தான். பானையின் ஆவி காற்றோடு போய்விடும். இங்கே ஆவியைப் போகவிடாமல் கம்ப்ரெஸர் உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவி மிகவும் சூடேறி, வெளியே இருக்கும் கண்டென்ஸருக்குச் சென்று, தன் உஷ்ணத்தை வெளிக்காற்றிற்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. ஒரு சிறு துவாரத்தையுடைய எக்ஸ்பான்ஷன் வால்வின் வழியே அழுத்தம் தணிந்து உள்ளே வந்து, மீண்டும் கொதிக்கிறது. கம்ப்ரெஸர், கண்டென்ஸர், வால்வு, சுருள் ஆகிய இந்நான்கையும் சுற்றிச் சுற்றி வருவதே அதன் தொழில்.

கிணறு ஆழமாக ஆக மாட்டுக்குச் சிரமம் மிகும். அதுபோலவே அறையை எவ்வளவு கீழே இறக்குகிறோமோ, வெளியே இருக்கும் கண்டென்ஸர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு மின்சாரம் செலவாகும். கண்டென்ஸரின்மேல் கோணிகளை உலர்த்துவதும், அதன் எதிரே காலிக் கிரேட்டுகளை அடுக்குவதும், தூசி படியவிட்டு வருஷம் முழுவதும் கழுவாமலிருப்பதும் கிணற்றை ஆழமாக்கிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

அறியாமையால் நடக்கும் பிழைகளிற் சில எங்கும் ஒரே மாதிரியாகக் காணப்படுகின்றன. சரக்கு சீக்கிரம் குளிர வேண்டுமென்று தெர்மாஸ்டாட்டை 13லிருந்து 5க்குத் திருப்பிவிடுவர். யந்திரம் அதனால் வேகமாக ஓடாது. அதே வேகத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல், நெடுநேரம் ஓடும். காலையில் ஆள் வந்து பார்க்கும்போது அறை 6 டிகிரியில் இருக்கும். மாங்காய் சேதமடையத் தொடங்கியிருக்கும். சுருளின்மேல் வெள்ளையாகப் பனி படிந்திருப்பதைக் கண்டு, நன்றாகக் குளிர்கிறது என்று மகிழ்வர். அப்பனி கம்பளி போர்த்தியதுபோல் உஷ்ணத்தைத் தடுக்கிறது என்பதை அறியார். கூரை முட்டச் சிப்பங்களை அடுக்கி, காற்று சுற்ற வழியில்லாமற் செய்வர். மின்சாரம் போய் வந்த உடனே சுவிட்சைத் தட்டுவர். இரு பக்கத்து அழுத்தமும் சமமாவதற்குச் சில நிமிஷங்கள் விடாமற் போனால் கம்ப்ரெஸரின் மோட்டார் திணறிச் சூடேறும். பலகால் இவ்வாறு நேரின் எரிந்தும் போகும்.

இவற்றிலெல்லாம் பெரிய பிழை ஒன்று உண்டு. அதில் குடியானவரின் பணம் நேராகவே போகிறது. குளிர்ச்சி குறைந்தவுடன் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து, காஸ் தீர்ந்துவிட்டது என்று கூறி, புதிதாக நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிச் செல்கிறார். அடுத்த வருஷமும் அவ்வாறே. காஸ் என்பது பம்ப்செட்டுக்கு ஊற்றும் டீசலைப்போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. யந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதே காஸ் இருக்க வேண்டும். அது குறைந்தது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள். ஒழுகும் இடத்தைக் கண்டு அடைக்காமல் காஸ் நிரப்புவது, ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதே. ஒழுக்கு எங்கே என்று காட்டும்படி கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. ஆனால் கேட்பதற்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

இனி, யந்திரத்தை நன்கறிந்த மெக்கானிக்கும் விவசாயப் பொருளின் இயல்பை அறியாவிடில் பாதி வேலைக்காரரே ஆவார். இரும்புக்கும் துணிக்கும் மூச்சில்லை. பறித்த காய்க்கு மூச்சு உண்டு. அது பிராணவாயுவை உட்கொண்டு, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவிட்டு, உஷ்ணத்தையும் நீராவியையும் வெளியிடுகின்றது. சூடு 10 டிகிரி ஏறுந்தோறும் இம்மூச்சு ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகிறது. இறக்கினால் அதே அளவில் அடங்கிக் காயின் ஆயுள் நீள்கிறது. குளிர் அறையின் பயன் முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஆயினும் எவ்வளவு இறக்கலாம் என்பதில் ஒவ்வொரு பயிருக்கும் ஓர் எல்லையுண்டு. நீலகிரியில் விளையும் காரட்டும் முட்டைக்கோசும் சைபர் டிகிரிக்கு அருகிலும் நலமாயிருக்கும். வாழையோ 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் மங்கிக் கறுக்கும். மாங்காய் ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் பழுக்கும் சக்தியை இழந்து, தோலிற் குழிகளும் சாம்பல் நிறத் திட்டுகளும் காணும். கத்திரிக்கும் பச்சைத் தக்காளிக்கும் இதே ஆபத்து உண்டு. இதில் வஞ்சகம் என்னவெனில், அறைக்குள் இருக்கும்வரை சேதம் வெளியே தெரியாது. வெளியே எடுத்து, லாரியேற்றி, மண்டியில் இறக்கிய பிறகே தெரியும். அப்போது பழி பறித்தவன்மேலும் ஏற்றியவன்மேலும் போகும். தெர்மாஸ்டாட்டைத் திருப்பியவன்மேற் போகாது. மலைக் காய்களையும் சமவெளிக் காய்களையும் ஒரே அறையில் அடுக்கி, நடுவே ஒரு சூட்டை வைத்து இரண்டையும் கெடுப்பதும் உண்டு.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருளின் சூடு அறையின் சூட்டைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், காற்றிலுள்ள ஈரமெல்லாம் அதன்மேற் படிந்து, காற்று வறண்டு, காயிலிருந்து நீரை இழுக்கும். கீரையும் காரட்டும் வாடுவது ஒருபுறமிருக்க, விற்பனை எடைக் கணக்கில் நடப்பதால் வற்றிய நீர் ஒவ்வொரு கிலோவும் விற்றவனுக்கு நஷ்டம். பெரிய சுருளை வைத்து, அதற்கும் அறைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைக் குறைப்பதே இதற்கு வழி. வாங்கும்போது செலவு சற்றுக் கூடும். அலுவலக அறைக்குக் குளிர்சாதனம் அமைத்துப் பழகியவர் இதனைச் சொல்லமாட்டார். அவர் கற்றது மனிதர்க்கு இதமாயிருக்க ஈரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே.

ஆகவே தொழிற்பயிற்சி நிலையங்களிற் கற்பிக்கப்படும் குளிர்சாதனப் பாடத்தில், கிராமப்புறத்து நிலையங்களிலேனும், உயிருள்ள விளைபொருள்களைப் பற்றிய சில வாரப் பயிற்சி சேர்க்கப்பட வேண்டும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் அதனை நடத்தலாம். அவ்வாறே விவசாயப் பள்ளிகளில் உஷ்ணத்தின் கணக்கும் யந்திரத்தின் நான்கு பாகங்களும் கற்பிக்கப்பட வேண்டும். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பாராமல் நடப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, பழக்கத்தைத் தவிர.

கிராமத்தில் இத்தொழிலுக்கு வருஷம் முழுவதும் வேலை ஏது என்று கேட்போர் உளர். குளிர் அறை ஒன்றையே பார்த்தால் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் பால் சங்கங்களில் கறந்த பாலை 4 டிகிரிக்கு இறக்கும் தொட்டிகள் இருக்கின்றன. வாழைப்பழம் பழுக்கவைக்கும் அறைகள் இருக்கின்றன. பல்லடம், நாமக்கல் பக்கங்களில் கோழிப் பண்ணைகள் பல, நனைந்த அட்டைத் திரைகளின் வழியே விசிறிகளாற் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கொட்டகைகளாக மாறியுள்ளன. காற்றின் சூடு, ஈரம், ஓட்டம், தூய்மை ஆகிய நான்கையும் ஒருங்கே பேணுவதே குளிர்சாதனக் கலையாதலால், இக்கொட்டகையும் அதனுள் அடங்கும். குளிர்விப்பது மாத்திரமன்று, சூடேற்றுவதும் இத்தொழிலின் பாகமே. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் 35 டிகிரி அளவில் சூடு கொடுத்து, வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைத்து வர வேண்டும். பட்டுப்புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரையில் சூடும், அதற்கேற்ற ஈரமும் வேண்டும். குளிர் யந்திரத்தின் கண்டென்ஸரிலிருந்து வீணாக வெளியேறும் உஷ்ணத்தைக் கொண்டு பால் பாத்திரம் கழுவ வெந்நீர் பெறலாம் என்பதும் கற்றவர்க்கே தோன்றும். ஒரு பிர்க்காவிலுள்ள இவை யாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இருவருக்குத் தாராளமாக வேலையுண்டு.

சான்றிதழ் எதற்கு, பழகிக்கொண்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. கைப்பழக்கத்தை இகழ்வதற்கில்லை. ஆனால் இத்தொழிலில் அறியாமை உயிரையும் வாங்கும். 2017ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் உத்தரப் பிரதேசத்துக் கான்பூர் ஜில்லாவில் உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றில் அம்மோனியா வெளிப்பட்டு, கட்டடமும் இடிந்து, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஒழுக்கைச் சோதிக்கக் குழாய்க்குள் உலர்ந்த நைட்ரஜனை ஏற்ற வேண்டிய இடத்தில், கையிற் கிடைத்த ஆக்ஸிஜனை ஏற்றினால் அது எண்ணெயோடு கலந்து வெடிக்கும். மேலும் காஸ்களே மாறி வருகின்றன. ஓஸோன் படலத்தைக் கெடுப்பதால், 1987ஆம் வருஷத்து மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி பழைய 12 என்னும் காஸ் ஒழிந்தது. 22 என்னும் காஸும் 2030க்குள் விலக்கப்பட இருக்கிறது. பூமியின் சூட்டை மிகுக்கும் 134ஏ முதலியவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016ஆம் வருஷத்துக் கிகாலித் திருத்தம் வகை செய்கிறது. இந்தியா அதனை 2021இல் ஏற்றுக்கொண்டது. இவற்றின் இடத்தில் வருபவற்றுள் புரொப்பேன் நன்றாகத் தீப்பற்றக்கூடியது. 32 என்பதும் சிறிது பற்றும். பழைய காஸைப் பழகியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இவற்றின் குழாயை ஊதுவாராயின் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த யந்திரத்தில் எந்தக் காஸ், அதற்கு எந்த எண்ணெய் என்பதைப் படித்துத் தேறியவரே இனி இதைத் தொடுதல் வேண்டும்.

சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்தொழிலுக்கு இரண்டு வருஷப் படிப்பு உண்டு. பத்தாம் வகுப்பிலே தேறியவர் சேரலாம். முடிவில் தேசியத் தொழிற் சான்றிதழ் வழங்கப்படுகிறது. கிராமத்துப் பிள்ளைகள் அதிற் சேராமல் இல்லை. சேருகிறார்கள்; தேறுகிறார்கள்; பின்பு கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதிற் பயனில்லை. பட்டணத்தில் கிடைக்கும் ஊதியத்தைக் கிராமத்து அறையின் காவற்கூலியோடு ஒப்பிட்டால் யாரும் அதையே செய்வர். ஆனால் இதன் விளைவு கோடையிற் புலப்படுகிறது. மாமரம் காய்த்துக் குலுங்கும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களே பட்டணத்து வீடுகளிற் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதாகும் மாதங்களும் ஆகும். அறையிலே 10 டன் காய் இருக்க, யந்திரம் நின்றுவிட்டது என்று தொலைபேசியில் அழைத்தால், மூன்று நாள் கழித்து வருகிறேன் என்ற பதிலே கிடைக்கும். அந்த மூன்று நாளில் காய்கள் தம் மூச்சாலேயே அறையைச் சூடாக்கிவிடும். பூட்டிய அறையிற் கிடப்பதைவிட வேப்பமர நிழலிற் கிடந்திருந்தால் அவை நலமாயிருந்திருக்கும்.

இதற்கு ஒரு பரிகாரம் எளிதில் தோன்றுகிறது. பத்துப் பன்னிரண்டு கிராமங்களுக்குட்பட்ட குளிர் அறைகள், பால் சங்கங்கள், கோழிப் பண்ணைகள் ஆகியவை ஒன்றுகூடி, தேறிய ஒருவருக்கு வருஷச் சம்பளம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பழுதுக்கு இவ்வளவு என்று கொடுப்பதிலும், பழுது நேராமற் காப்பதற்கு இவ்வளவு என்று கொடுப்பதே சிறந்தது. பழுதுக்குக் கூலி வாங்குபவருக்குப் பழுது வேண்டியிருக்கிறது! மானியம் வழங்கும் அதிகாரிகளும், சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதைக் கண்டபின்பே கடைசித் தவணையைக் கொடுப்பதென்று விதிக்கலாம். யந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்கைச் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகனையோ மகளையோ படிக்கவைக்க ஒதுக்குவதும் தகும். மகளை என்று கூறுவது வேண்டுமென்றே. பால் சங்கங்களிற் பெண்களே முன்னின்று உழைக்கும் ஊர்கள் பல. ஊரிலேயே தங்கித் தொழில் செய்ய விரும்புவோரும் அவர்களில் அதிகம். குழாயைப் பற்றவைப்பதற்கும் மானியைப் பார்ப்பதற்கும் தோள்வலி வேண்டியதில்லை, கவனமே வேண்டும்.

இவ்வளவும் கூறியதனால் எல்லோரும் யந்திரம் வாங்க வேண்டுமென்று கொள்ளலாகாது. சின்ன வெங்காயத்துக்குக் காற்றோட்டமுள்ள பட்டறையே போதும். அதைக் கொண்டுபோய் ஈரமான குளிர் அறையில் வைத்தால் முளைத்துக் கெடும். நாளுக்கு ஒன்றிரண்டு கூடை கீரையும் கத்திரியும் பறிப்பவருக்கு, புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த செங்கல் அறை ஏற்றது. இரட்டைச் சுவர் வைத்து, இடையில் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஆற்றுமணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து, மேலே ஓலையால் மூடுவதே அது. வறண்ட கோடையில் வெளிச்சூட்டைவிடப் 10 முதல் 15 டிகிரி வரை இறங்கும். நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பக்கங்களில், காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால், அவ்வளவு பயன் தராது. எது எங்கே தகும் என்று ஆராய்ந்து சொல்பவரும், சில சமயங்களில் உங்களுக்கு யந்திரமே வேண்டாம் என்று சொல்லத் துணிபவரும், விற்பனைக்கு வருபவராக இருக்க முடியாது. ஊரிலேயே இருக்கும் தேறிய தொழிலாளியாகத்தான் இருக்க முடியும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானபின் தொழிற்பயிற்சி நிலையங்களிற் சேர்க்கை நடைபெறும். குளிர் அறை கட்ட எண்ணியிருக்கும் சங்கங்கள், கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, தங்கள் ஊரிலிருந்து யாரை அனுப்புவது, இரண்டு வருஷத்துக்கு அவருடைய செலவை யார் ஏற்பது, திரும்பி வந்தால் என்ன சம்பளம் தருவது என்ற மூன்றையும் மகாசபையில் வைத்துத் தீர்மானம் எழுதிக்கொள்ளட்டும். ஏற்கெனவே அறை உள்ள சங்கங்கள், மாங்காய் வரத்துக்கு ஒரு மாதம் முன்பாகத் தேறிய மெக்கானிக் ஒருவரை அழைத்து, கண்டென்ஸரைக் கழுவி, ஒழுக்கைச் சோதித்து, கதவின் ரப்பரைப் பார்த்து, தெர்மாஸ்டாட் காட்டும் சூடும் தனியே வைத்த தெர்மாமீட்டர் காட்டும் சூடும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்து, அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி அறையின் வாசலிலேயே தொங்கவிடுதல் வேண்டும்.